கொல்லிமலை அடிவாரத்து பாப்டிஸ்ட் சபையும் அதன் ஊழியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும், கலியாண வீட்டுப் பந்தியிலும், நாமக்கல் பேருந்து நிலையத்திலும்கூட எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைச் சபைச் செயலர் என்ற முறையில் சில ஆண்டுகளாக ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அவற்றுக்கு மூப்பர்களும் போதகரும் சபையாரும் தந்த விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லர் என்பதால், எங்களுக்குள் பழகிப்போன சொற்களையும் இயன்றவரை விளக்கியிருக்கிறேன்.

பாப்டிஸ்ட் சபை என்பது தனி மதமா? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலிருந்து எதில் வேறுபடுகிறது?

தனி மதம் அன்று. சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் ஒரு மரபு. இங்கிலாந்திலிருந்து அடைக்கலம் தேடி ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்றிருந்த ஒரு சிறு கூட்டத்தாரிடையே 1609-ல் இம்மரபு தொடங்கியது. அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் 1612-ல் லண்டனுக்குத் திரும்பி, அந்நாட்டின் முதல் பாப்டிஸ்ட் சபையைக் கூட்டினார். மனிதருடைய ஆன்மாவின்மீது மன்னருக்கு அதிகாரம் இல்லை என்றும், இந்த உரிமை யூதருக்கும் துருக்கியருக்கும்கூட (அந்நாளில் இஸ்லாமியரை அப்படித்தான் அழைத்தார்கள்) உண்டு என்றும் எழுதியதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். ‘யாரையும் வற்புறுத்தக் கூடாது’ என்று நாங்கள் சொல்லும்போது, அது இக்காலத்துச் சட்டத்துக்கு அஞ்சிச் சொல்லும் பேச்சன்று, எங்கள் மரபு பிறந்த நாளிலிருந்தே உள்ள கொள்கை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் ஆகிய ஊர்களின் பழைய ஆலயங்களில் பல லண்டன் மிஷனைச் சேர்ந்தவை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட மரபுகளோடு அவையும் இணைந்தபோதுதான் 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. உருவானது. பாப்டிஸ்டுகள் அந்த இணைப்பில் சேரவில்லை. பேராயர் என்ற பதவி எங்களுக்கு இல்லை என்பதும், குழந்தைகளுக்கு நாங்கள் ஞானஸ்நானம் (கிறிஸ்தவ விசுவாசத்தின் அடையாளமாகத் தண்ணீரில் கொடுக்கப்படும் சடங்கு) கொடுப்பதில்லை என்பதும் இரு முதன்மைக் காரணங்கள். மற்றபடி வேதாகமம் ஒன்றே, கர்த்தர் ஒருவரே. கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு எங்கள் வாலிபர்கள் செல்லும் வீடுகளில் சி.எஸ்.ஐ. குடும்பங்களும் உண்டு.

பச்சைக் குழந்தைக்கு ஏன் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை?

விசுவாசம் ஒருவர் தாமே அறிந்து ஏற்றுக்கொள்ள வேண்டியது என்று நம்புகிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி வேதத்தைக் கேட்டு, புரிந்து, தாமாகவே தண்ணீரைக் காட்டித் தடை என்ன என்று கேட்கிறார். அதன் பின்னரே பிலிப்பு அவரோடு தண்ணீரில் இறங்குகிறார். அந்த வரிசையைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழுவது, பழைய வாழ்க்கையை அடக்கம் செய்து புதிய வாழ்க்கைக்கு எழுவதைக் காட்டும் அடையாளம் என்று ரோமர் ஆறாம் அதிகாரம் கற்பிக்கிறது. ஆகவே தலையில் தெளிப்பதில்லை. தண்ணீருக்கு இரட்சிக்கும் வல்லமை உண்டென்றும் நாங்கள் கற்பிப்பதில்லை.

குழந்தை பிறந்தால் பெற்றோர் அதைச் சபைக்குக் கொண்டுவந்து ஜெபத்தோடு பிரதிஷ்டை செய்கிறார்கள், அதாவது கடவுளிடம் ஒப்படைக்கிறார்கள். அப்புச்சியும் அம்மாயியும் வந்து மகிழ்வதற்கு அதில் குறையொன்றும் இல்லை. பெயரும் அன்றே அறிவிக்கப்படுகிறது. ஆனால் அது ஞானஸ்நானம் ஆகாது. பிள்ளை வளர்ந்து, தானாகக் கேட்கும் நாள் வரையில் காத்திருக்கிறோம். சில வீடுகளில் அந்த நாள் இருபது ஆண்டு தாமதமாக வந்ததுண்டு. சில வீடுகளில் இன்னும் வரவில்லை. அதற்காகப் பெற்றோரை நாங்கள் குறை சொல்வதில்லை.

ஞானஸ்நானம் எங்கே கொடுக்கப்படுகிறது?

ஆராதனைக் கூடத்தின் முன்புறத்தில் மரப்பலகையால் மூடிய தொட்டி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதில்தான் கொடுக்கிறோம். மோகனூர்ப் பக்கம் காவிரியில் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் உண்டு. ஆற்றங்கரையில் பாடல் பாடி நிற்பதன் மகிழ்ச்சியை மறுப்பதற்கில்லை. ஆனால் ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறக்கப்பட்டபின் நீரோட்டத்தை நம்ப முடியாது என்பதால், ஆற்றில் என்றால் கோடையில் மட்டுமே, அதுவும் நீச்சல் தெரிந்த உதவிக்காரர் இருவர் உடன் நிற்கும்போது மட்டுமே என்று சபைக்கூட்டம் தீர்மானித்திருக்கிறது.

சபையின் முடிவுகளை எடுப்பவர் யார்? போதகரா?

இல்லை. போதகர் பிரசங்கிக்கிறார், கற்பிக்கிறார், வீடுகளைச் சந்திக்கிறார். மூப்பர்கள் அவரோடு மேய்ப்புப் பணியைப் பகிர்கிறார்கள். உதவிக்காரர்கள் கணக்கையும் கட்டடத்தையும் ஏழைகளுக்கான நிதியையும் கவனிக்கிறார்கள். போதகரை அழைப்பது, புதிய உறுப்பினரைச் சேர்ப்பது, நிலம் வாங்குவது போன்றவற்றை ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர் அனைவரும் கூடும் சபைக்கூட்டமே முடிவு செய்யும். அதில் தறி ஓட்டும் அக்காவின் கைக்கும் கோழிப்பண்ணை முதலாளியின் கைக்கும் ஒரே மதிப்பு. இம்முறையில் ஒரு முடிவு எட்டுவதற்குச் சில வேளை மாதங்கள் ஆகின்றன என்பது உண்மையே. கூரையைத் தகரத்திலிருந்து தளமாக மாற்றுவதற்கு மட்டும் மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன.

கொல்லிமலைக்கும் பாப்டிஸ்ட் சபைக்கும் என்ன தொடர்பு? ஏன் எப்போதும் அந்த மலையைப் பற்றியே பேசுகிறீர்கள்?

எங்களை உருவாக்கிய கதை அங்கேதான் இருக்கிறது என்பதால் இதற்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும்.

1861-ல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் பணியாற்றியது. சேந்தமங்கலம் அதன் நிலையங்களில் ஒன்று. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அந்த மலையில் இரவு தங்கத் தயங்கிய காலம் அது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனெரியும் அவருடைய மனைவி ஈவ்லினும் 1913-ல் திருமணமான கையோடு மலையேறி, மலையின் ஊர்ப்பகுதிகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் மரவீடு ஒன்றில் குடியேறினார்கள். நாள்கணக்கில் முகாம் போட்டுவிட்டு இறங்குவதற்காக அவர்கள் ஏறவில்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் (இவர்கள் கேரளத்தவர் அல்லர், இம்மலையின் மக்கள்) நடுவில் வாழ்வதற்காகவே ஏறினார்கள். என் கணக்கில் ‘ஊழியம்’ என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

ஜெஸ்ஸி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். வெப்பமண்டல நோய்களைப் பற்றிப் பெற்ற குறுகிய காலப் பயிற்சியே அவரிடம் இருந்தது. ஆயினும் பல் பிடுங்கினார், புண் கட்டினார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார். அந்நாளில் மலையை வருத்திய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. நோயாளியின் காலிலிருந்து வெளிவரும் புழு, அவர் கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீர் மொள்ளும்போது குஞ்சுகளை நீரில் விடும். அவற்றை உண்ட நுண்ணிய நீர்ப்பூச்சிகள் குடிநீரோடு அடுத்தவர் வயிற்றுக்குள் செல்லும். இந்தச் சுழற்சியை அறுக்க, புழுவை மெல்ல மெல்ல இழுத்து எடுப்பது மட்டும் போதாது. யாரும் காலை நனைக்க முடியாதபடி கிணற்றுக்குக் கல்சுவர் எழுப்ப வேண்டும். ஜெஸ்ஸி இரண்டையும் செய்தார். இந்தியா முழுவதும் நரம்புச் சிலந்தி ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ல்தான். அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, எங்கள் மலையில் ஒருவர் கல்லும் காரையும் கொண்டு அந்தப் போரைத் தொடங்கியிருந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1929-ல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். ஈவ்லின் ஊழியத்தை விடவில்லை. முதுமையைக் காரணம் காட்டி மிஷன் அவரை ஓய்வுபெறச் செய்தபோது, எழுபதை நெருங்கிய வயதில், தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் மலையேறினார். குதிரைமீது அமர்ந்து கொல்லிமலையை மட்டுமன்றிப் பச்சைமலை, கல்வராயன் மலை ஊர்களையும் சுற்றிவந்தார். 1974-ல், தொண்ணூற்றைந்தாம் வயதில் இறக்கும்வரை அவருக்கு ஓய்வு என்ற எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, ஒன்பது வயதுவரை அங்கேயே வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் விரியச் செய்தார். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் ஏற்படும் தீக்காயமும் வெட்டுமே அவற்றைச் சிதைக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டியது, அந்த நோயை உலகம் பார்க்கும் விதத்தையே மாற்றியது.

இப்போது மலையில் என்ன செய்கிறீர்கள்?

முன்னோர் செய்ததைவிட மிகச் சிறியவற்றைத்தான். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் செம்மேட்டுக்குப் பேருந்து செல்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும் பள்ளிகளும் வந்துவிட்டன. ஆகவே அரசு செய்வதை நாங்கள் மீண்டும் செய்வதில்லை. மலையிலேயே குடும்பத்தோடு தங்கியிருக்கும் ஊழியர் ஒருவரைச் சபை தாங்குகிறது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, பிரசவத்துக்கோ அறுவைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்குகிறவர்களுக்கு அங்கே துணை நிற்பது, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு மனு எழுதித்தருவது ஆகியவை அவருடைய வாரநாள் வேலைகள். ஞாயிறுகளில் சிறு கூட்டமாக ஆராதனை நடக்கிறது. மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். பெற்றோர் வந்து சம்மதம் சொன்ன பிள்ளைகளை மட்டுமே சேர்க்கிறோம்.

மரவள்ளிக் கிழங்கின் விலை விழும் ஆண்டுகளில் பள்ளி இடைநிற்றல் கூடுகிறது என்பதை எங்கள் ஊழியர் தொடர்ந்து சொல்லிவருகிறார். ஜவ்வரிசி ஆலைக்குச் செல்லும் கிழங்கின் விலைக்கும் ஒரு பெண் குழந்தையின் பத்தாம் வகுப்புக்கும் இடையே இத்தனை நேரடியான தொடர்பு இருக்கும் என்று நாங்கள் முன்பு அறிந்திருக்கவில்லை. இந்த ஆண்டு முதல் வாலிபர் கூட்டத்தின் காணிக்கை முழுவதும் விடுதிக் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது.

இதெல்லாம் மதமாற்றத்துக்கான வழிதானே?

நேரடியாகக் கேட்கப்படும் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறோம். இயேசுவைப் பற்றி எல்லாரும் அறிய வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம், அதை மறைப்பதில்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு தன் மதத்தைப் பரப்பும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. ஆனால் பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. எனினும் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் நடைமுறை ஒன்றே. உதவியையும் ஞானஸ்நானத்தையும் இணைப்பதில்லை. மருத்துவத் துணை பெற்றவர் ஆராதனைக்கு வந்தாரா என்று கணக்கெடுப்பதில்லை. ஞானஸ்நானம் கேட்பவர் குறைந்தது ஆறு மாதம் வேதபாடம் கற்க வேண்டும். வீட்டாருக்குத் தெரியாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அரிசிப் பைக்காக வருகிற விசுவாசம் பையோடு தீர்ந்துவிடும் என்பது எங்கள் மூத்தோர் கண்டறிந்த உண்மை.

கிறிஸ்தவரானால் சாதிச் சான்றிதழ் என்னவாகும்?

இதை மறைத்து ஞானஸ்நானம் கொடுப்பது பாவம் என்று கருதுவதால், வேதபாடத்தின் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுகிறோம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே உண்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இதனால் கல்வியிலும் வேலையிலும் ஏற்படும் இழப்பு சிறிதன்று. இது அநீதி என்றே நாங்கள் கருதுகிறோம். பழங்குடியினர் நிலை வேறு. பழங்குடிப் பட்டியலில் மதக் கட்டுப்பாடு இல்லாததால், கொல்லிமலையின் மலையாளி மக்கள் எந்த மதத்தைப் பின்பற்றினாலும் அந்த உரிமை நீடிக்கும். சான்றிதழில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று என்று இரட்டை வாழ்வு வாழ யாருக்கும் நாங்கள் ஆலோசனை கூறுவதில்லை. முடிவெடுக்க அவசரப்படுத்துவதும் இல்லை.

சபைக்குள் சாதி உண்டா?

கர்த்தருடைய பந்தியில், அதாவது இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் ஆராதனையில், இல்லை. ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே வரிசையில் அமர்ந்து வாங்குகிறோம். ஆனால் பெண் பார்க்கும் பேச்சு வரும்போது ‘எந்தப் பக்கத்துச் சனம்’ என்ற கேள்வி எங்கள் வீடுகளிலும் எழுகிறது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கொங்கு நாட்டின் காற்றைத்தான் நாங்களும் சுவாசிக்கிறோம். போதகர் இதைப் பிரசங்க மேடையில் பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். அதற்காகச் சபையை விட்டு விலகிய குடும்பங்களும் உண்டு. அவர்களைத் தடுக்கக் கண்டனத்தைத் தணிக்க வேண்டும் என்ற தீர்மானம் சபைக்கூட்டத்தில் தோற்றது. அந்த நாள் எங்கள் சபை வரலாற்றில் நல்ல நாள்.

வெளிநாட்டுப் பணம் வருகிறதா?

இல்லை. வெளிநாட்டு நன்கொடை பெற 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும்; 2020-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அப்பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே வர வேண்டும். எங்களிடம் அந்தப் பதிவு இல்லாததால் நாங்கள் பெறுவதில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் காணிக்கை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது அப்படியன்று. ஆகவே அன்போடு திருப்பி அனுப்புகிறோம். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம்.

நோய்க்கு ஜெபமா, மருந்தா?

இரண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அண்ணன், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவருடைய பேச்சைக் கேட்டுக் காசநோய் மாத்திரைகளை இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டார். நோய் திரும்பியபோது பழைய மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. அவரை அடக்கம் செய்த நாளில் மூப்பர்கள் கூடி, மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரையும் எங்கள் மேடையில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. நோயாளியின் வீட்டுக்கு உதவிக்காரர் வாரம் ஒருமுறை சென்று ஜெபிக்கிறார். ஜெபித்தபின் மாத்திரை அட்டையையும் பார்க்கிறார்.

சபையில் திருமணம் செய்ய என்ன வேண்டும்?

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, உரிமம் பெற்ற போதகர் இரு சாட்சிகள் முன்னிலையில் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில் நடத்த வேண்டும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) சபையில் வாசிக்கப்படும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும். பலர் இதை மறந்து, கடவுச்சீட்டு எடுக்கும்போது அலைகிறார்கள்.

கோழிப்பண்ணைகளில் வேலை செய்யும் வடமாநிலத்தார் ஆராதனைக்கு வரலாமா?

தாராளமாக. ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்திலிருந்து வருகிறவர்களில் பலர் பிறப்பிலேயே பாப்டிஸ்ட் குடும்பத்தினர். ஒடியா மொழியில் புதிய ஏற்பாடு 1809-லேயே பாப்டிஸ்ட் மிஷனெரி வில்லியம் கேரியின் முயற்சியால் வங்காளத்திலுள்ள செராம்பூரில் அச்சாகிவிட்டது. எங்களுக்கு அவர்கள் விருந்தாளிகள் அல்லர், சகோதரர்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையில் அவர்களே தங்கள் மொழியில் ஆராதனை நடத்துகிறார்கள். கூடத்தின் சாவி அவர்களில் ஒருவரிடம் இருக்கிறது. ஊதியம் பிடித்துவைக்கப்பட்டதாக முறையிட வருகிறவர்களுக்குத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு உடன் செல்லச் சபையில் இருவர் முன்வந்திருக்கிறார்கள்.

உங்களோடு மலைக்கு வரலாமா?

வரலாம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலையில் நாமக்கல்லிலிருந்து செம்மேடு பேருந்தில் செல்கிறோம். கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. மாலையில் குளிரும் என்பதால் சால்வை ஒன்று போதும். வளைவுகளில் தலைசுற்றல் வருகிறவர்கள் காலை உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மிட்டாய் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். எந்த வீட்டுத் திண்ணையில் அமரச் சொன்னாலும் அமருங்கள். அவர்கள் தோட்டத்துக் காப்பியைக் குடித்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். கல்லறைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்னரே சொன்னால், வாழவந்தி நாட்டுக்கு அழைத்துச் செல்ல எங்கள் ஊழியர் காத்திருப்பார்.